நூல் அளவு

என் வீட்டுக்காரர் எதையும் நூல் பிசகாமல் செய்பவர். அப்படி அவரேதான் சொல்லிக்கொள்வார். வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

வெளிநாட்டில் வேலை கிடைத்தது எனக்கு. நர்ஸ் வேலை. என் விசாவில் தொற்றிக்கொண்டு வந்தவர் அவர். ஆனால் விமானத்தை விட்டு இறங்கியதிலிருந்து அவர்தான் என்னைக் கூட்டி வந்தவர் போல ஒரு தோரணை. யாரிடமாவது வழி கேட்டால் கௌரவம் குறைந்துவிடுமாம். அந்தக் கௌரவத்தைக் காப்பாற்ற, முதல் நாளே பெட்டிகளை இழுத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் எதிர்த்திசையில் நடந்தோம்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு எனக்கு முதல் டூட்டி. மூடிய கறுப்பு ஷூ இல்லாமல் வார்டுக்குள் விடமாட்டோம் என்று ஆஸ்பத்திரிக் கடிதத்தில் எழுதியிருந்தது. பன்னிரண்டு மணி நேரம் நின்றபடியே வேலை. ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்கள். முதல் நாளே நொண்டிக்கொண்டு போய் நின்றால் அதோடு சரி.

"நீ ரெஸ்ட் எடு, நான் வாங்கிட்டு வந்துடறேன்" என்று பர்ஸைத் திறந்து நூலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கல்யாணமான வாரம், என் குதிகாலிலிருந்து கட்டைவிரல் நுனிவரை அளந்து வெட்டிய வெள்ளை நூல் அது. இருபத்திரண்டு வருடமாக எனக்குச் செருப்பு வாங்கக் கடைக்குப் போனது அந்த நூல்தான், நான் இல்லை. வந்த செருப்பெல்லாம் கடித்தது. சுண்டுவிரல் மடங்கிக் காய்த்துப் போனது. விசேஷ வீடுகளில் நாலடி பின்தங்கி வந்தால், "இவளுக்கு நடக்கவே வராது" என்று சொந்தக்காரர்கள் நடுவில் சிரிப்பார். நானும் என் கால்தான் கோணல் என்று நம்பித் தொலைத்தேன்.

இந்த முறை நானும் கிளம்பினேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

கடையில் ஒவ்வொரு ஷூவுக்குள்ளும் நூலை விட்டு இழுத்துப் பார்த்தார். விற்பனைப் பெண், இவர் எலி பிடிக்கிறாரோ என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஐந்தாம் நம்பரை நீட்டினார். குதிகால் உள்ளே போகவே இல்லை.

"புது ஷூ அப்படித்தான். போடப் போட விட்டுக்கொடுக்கும்."

இத்தனை வருடத்தில் எந்தச் செருப்பும் விட்டுக்கொடுத்ததில்லை. நான்தான் கொடுத்தேன்.

அந்தப் பெண் ஒரு அளவுப் பலகையைக் கொண்டுவந்து என் காலை அதில் வைத்தாள். ஏழு. இந்த ஊர் நம்பரே வேறு, பலகை தப்பு என்று இவர் வாதாடினார். அவள் அவர் கையிலிருந்த நூலை வாங்கி என் பாதத்தில் வைத்துப் பிடித்தாள். கட்டைவிரல் நகத்துக்கு முன்னாலேயே நூல் முடிந்துவிட்டது.

"கால் எப்படி வளரும்?" என்று என்னையே கேட்டார்.

"ரெண்டு பிள்ளை பெத்தேங்க. அப்ப வளர்ந்துச்சு. நீங்க நூலைத்தான் பார்த்தீங்க, காலைப் பார்க்கல."

மாசமாக இருக்கும் பெண்களிடம் கால் அகலும், செருப்பை மாற்றுங்கள் என்று வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன். என் காலை நானும் பார்க்கவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் கண்ணில் தண்ணீர் வந்தது.

ஏழாம் நம்பரைப் போட்டேன். ஐந்து விரலும் நீட்டிப் படுத்தன. பழைய செருப்பை அங்கேயே குப்பைக்கூடையில் போடச் சொல்லிவிட்டு ஷூவோடு வெளியே வந்தேன். அவர் நூலைச் சுருட்டி மறுபடி பர்ஸுக்குள் வைத்துக்கொண்டிருந்தார். எதற்கென்று அவருக்குத்தான் வெளிச்சம்.

பஸ் நிறுத்தம் எந்தப் பக்கம் என்று எதிரே வந்த ஒருவரிடம் கேட்டுக்கொண்டு நடந்தேன். ஒரு தெரு தாண்டியதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"கொஞ்சம் மெதுவா போயேன். எனக்கு வழி தெரியாது."