தட்டாமல் திறந்த கதவு

சனிக்கிழமை காலை. காய்கறிப் பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, மூன்றாம் மாடி வீட்டுப் பூட்டில் சாவியை நுழைத்தாள் பெரியக்கா. சாவி திரும்பவில்லை. இழுத்துப் பார்த்தாள், அழுத்திப் பார்த்தாள். பூட்டே புதிது.

அகதிக் குடும்பங்களுக்கு வீடு பார்த்துக் குடிவைக்கும் பிரார்த்தனைச் சபைத் தொண்டர்களுக்கு அவள்தான் தலைவி. ஒரு குடும்பம் வந்து இறங்கினால் தன் தையல்கடையை மூடிவிட்டு ஓடுவாள். இந்த வீட்டுக் கட்டில், அடுப்பு, பள்ளிக்கூடச் சேர்க்கை எல்லாம் அவள் அலைந்து முடித்தவை. அந்த உரிமையில் மாற்றுச் சாவியையும் தன்னிடமே வைத்துக்கொண்டாள்.

கதவை ஓங்கி அறைந்தாள். சங்கிலி மாட்டியபடியே கதவு ஒரு சாண் திறந்தது. உள்ளே நின்றவள் அங்கே குடியிருந்த அகதிக் குடும்பத்தின் அம்மா. சொந்த ஊரில் நர்ஸ். இங்கே ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறாள்.

"யாரைக் கேட்டு பூட்டை மாத்தின?"

"போன வாரம் நீங்க யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க?"

போன வாரம் பெரியக்கா சபையார் நால்வரைக் கூட்டிவந்து, தட்டாமல் திறந்து, 'நாங்க குடிவெச்ச வீடு' என்று சுற்றிக் காட்டியிருந்தாள். குளித்துவிட்டுத் துண்டோடு வெளியே வந்த அந்த வீட்டு மகள் அத்தனை பேர் முன்னாலும் விறைத்து நின்றாள். அன்றிலிருந்து அம்மா வாசலில் காவல் நின்றால்தான் குளிக்கவே போகிறாள்.

"பெரிய மனுஷங்கதானே வந்தாங்க, திருடனுங்களா? இடம் குடுத்தா மடத்தைப் புடுங்குற கதையால்ல இருக்கு! வாடகை கட்டுறது சபை, ஞாபகம் வெச்சுக்க."

"வாடகைதான் கட்டுறீங்க. எங்களை விலைக்கு வாங்கிடல."

"வாய் நீளுது. சபையில ஒரு வார்த்தை சொன்னேன்னா நாளைக்கே காலி பண்ணணும்!"

உள்ளே அது மகள் காதில் விழுந்தது. அவள் அழவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்தாள். பாடப்புத்தகங்களை அடியில் அடுக்கி, துணிகளைச் சுருட்டித் திணித்தாள். பழகிப்போன வீட்டுவேலையைச் செய்வதுபோல அத்தனை வேகம்.

அம்மா மகளைப் பார்த்துவிட்டு பெரியக்காவை முறைத்தாள்.

"பாத்துக்குங்க. 'காலி பண்ணு'ன்னா என்னன்னு அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அங்க துப்பாக்கியோட வந்தாங்க. நீங்க காய்கறிப் பையோட வந்தீங்க. ரெண்டு பேருமே கதவைத் தட்டல."

பெரியக்காவுக்குச் சுரீரென்றது. "நான் நல்லதுதானே..." என்று அவள் தொடங்குவதற்குள் கதவு முகத்துக்கு நேரே சாத்திக்கொண்டது.

மறுநாள் சபையில் அந்தக் குடும்பத்தைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. மற்ற வீடுகளுக்கான மாற்றுச் சாவிகளையும் அந்தந்த வீட்டாரிடமே கொடுத்துவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை மெல்லத் தட்டினாள்.

"இன்னிக்கு முடியாதுங்க," என்றது உள்ளிருந்து வந்த குரல்.

காய்கறிப் பையை வாசலில் வைத்துவிட்டு இறங்கினாள். முகம் எரிந்தது. கீழே காத்திருந்த சபை வேன் ஓட்டுநருக்குப் பொறுக்கவில்லை.

"திறக்கக்கூட இல்லையா? நன்றி கெட்ட ஜனம்க்கா!"

"வாயை மூடுடா," என்றாள் பெரியக்கா. "நன்றி வாங்கவா வந்தோம்? உதவி பண்றவங்களுக்கு வாசல் வரைக்கும்தான் வேலை. வாசலுக்கு அந்தப் பக்கம் இருக்குறது அவங்க மானம். அதுல காலை வெச்சு மிதிச்சுட்டு, அதுக்கு உதவின்னு பேர் வெக்கக்கூடாது."