ஆங்

மானசாவின் ஆய்வுக் கட்டுரையை உலகில் எங்கே யார் மேற்கோள் காட்டினாலும், செங்கல்பட்டில் அவள் வீட்டுச் சமையலறையில் "ஆங்" என்று ஓர் ஆண்குரல் கேட்கும். முதல் மேற்கோள் ஃபின்லாந்திலிருந்து வந்தது. மாமியார் வத்சலா பால்காரன் என்று நினைத்துப் பாத்திரத்தோடு வாசலுக்குப் போய்த் திரும்பினாள். பிறகு கொரியா, பிரேசில். மாநாட்டுக் காலங்களில் கொளவாய் ஏரித் தவளைகளுக்குப் போட்டியாகக் கத்தியது. கணவன் கிரிஷ் நண்பர்களை வரவழைத்து, காபி கொடுத்துக் கேட்க வைத்தான். மானசாவுக்குப் பேராசிரியர் பதவி வந்தது. மிக்ஸி சத்தத்தைப் போல அந்தக் குரலும் வீட்டுக்குப் பழகிப்போயிற்று.

குரல் புதுப்பட்டினத்து ஸ்டான்லியுடையது என்பது மானசாவுக்குத் தெரியும். கடலில் ஒரு படகின் செய்தியை அடுத்த படகு வாங்கி அதற்கடுத்த படகுக்குக் கொடுப்பது எப்படி என்பதுதான் கட்டுரை. அதற்காகச் சதுரங்கப்பட்டினம் பக்கத்துப் படகுகளின் வயர்லெஸ் பேச்சைப் பதிவு செய்தாள். அதில் அதிகம் பேசியவன் ஸ்டான்லி. டைப்பிங் சென்டரில் பேச்சை எழுத்தாக்கினார்கள். கேள்விக்குறி, காற்புள்ளியெல்லாம் கணினியைக் குழப்பும், எடுத்துவிடுங்கள் என்று அவளே சொன்னாள். எழுத்தில் பார்த்தபோது விஷயம் தெளிவாக இருந்தது. ஒரு படகு பேசுகிறது, மற்றது "ஆங்" என்கிறது. கேட்டுவிட்டேன் என்று அர்த்தம். சின்னதாக ஒரு பதில் வந்தால் செய்தி சேர்ந்துவிட்டது, மறுபடி அனுப்பாதே என்ற விதி அப்படிப் பிறந்தது. பேட்டரி மிச்சமாயிற்று. ஒரு கம்பெனி அந்த விதியை வைத்து, படகுக்குப் படகு தானே செய்தி அனுப்பும் கருவி செய்து, புதுப்பட்டினத்துப் படகுகளில் மாட்டியது.

வத்சலாவுக்குக் காது மந்தம். ஒரு காலை குரல் விடாமல் வரவே, "பால் வேண்டாம்னு எத்தனை தரம்டா சொல்றது!" என்று கத்தினாள்.

"யாரை வையறேள்மா?" என்றாள் மானசா.

"என்னை மாதிரி செவிடன்டி இவன். ஒண்ணும் காதுல விழலை, திருப்பித் திருப்பிக் கேக்கறான்."

மானசா பழைய பதிவுகளைப் போட்டுக் கேட்டாள். பாதி "ஆங்"குகளின் வால் மேலே தூக்கியிருந்தது. ஆங்? என்ன சொன்னே? அவள் எடுக்கச் சொன்ன கேள்விக்குறிகள்.

திருத்தம் எழுதினாள். ஆய்விதழ் அதை வெளியிட்டது. அதை யாரும் மேற்கோள் காட்டவில்லை. "ஆயிரம் பேர் சரின்னு எடுத்துக்கிட்டதை எழுதினவங்களே தப்புன்னா எப்படி மேடம்?" என்றார் கம்பெனிக்காரர். கருவியைக் கழற்றச் சொல்லிப் புதுப்பட்டினத்துக்கே போனாள். ஸ்டான்லி சிரித்தான். "இன்னா மேடம், நீங்க பெத்த புள்ளைய நீங்களே திட்டிகினு கீறீங்கோ? மிசினு சோக்கா கீது, போங்க."

ஐப்பசியில் நடுக்கடலில் அவன் படகு எஞ்சின் நின்றது. கருவி உதவி கேட்டது. காற்றில் பாதி மட்டும் கேட்ட அடுத்த படகின் கருவி, என்னவென்று சின்னதாகக் கேட்டது. பதில் வந்துவிட்டதென்று ஸ்டான்லியின் கருவி ஓய்ந்தது. அவனுடைய ஐஸ் பெட்டி மட்டும் திருவிடந்தைக் கரையில் ஒதுங்கியது. அன்றே எல்லாப் படகுகளிலிருந்தும் கருவிகளைப் பிடுங்கிப் போட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து ஸ்டான்லியின் மனைவி ரெஜினா பஸ் ஏறி வந்தாள். "எங்க வூட்டுக்காரு கொரலு இங்க கேக்குதாமே." சமையலறையில் உட்கார்ந்தாள். மத்தியானம் குரல் வந்தது. எழுந்து நின்று, "இங்கதான் கீறேன்யா" என்றாள். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வந்தாள்.

கட்டுரையையே திரும்பப் பெற மானசா முடிவு செய்திருந்தாள். கருவி வேறு கரைகளில் இன்னும் விற்பனையாகிக்கொண்டிருந்தது. திரும்பப் பெற்றால் மேற்கோள் நின்றுவிடும், குரலும் நின்றுவிடும். மறைக்காமல் ரெஜினாவிடம் சொன்னாள்.

"ஆளத்தான் முழுங்கினீங்கோ. கொரலயாவது வுட்டு வைம்மா."

"மத்த கடல்லயும் ஸ்டான்லிங்க இருக்காங்க, ரெஜினா."

ரெஜினா காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

மானசா கட்டுரையைத் திரும்பப் பெற்றாள். சமையலறை அடங்கிப்போயிற்று. ரெஜினா அப்போதும் வந்தாள். உட்கார்ந்திருந்துவிட்டுப் போவாள். "பால்காரன் ஊருக்குப் போயிட்டானா?" என்று வத்சலா கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆனால் கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, மேற்கோள் மட்டும் காட்டுவார்கள். பொங்கல் கழிந்த ஞாயிறு, குக்கர் விசிலுக்கு நடுவே அது வந்தது. ஆங்?

எந்தக் கடலோ, எவன் படகோ. மேற்கோள் காட்டியவர் யாரென்று பார்க்க மானசா ஓடினாள். முதுகுக்குப் பின்னால் ரெஜினாவின் குரல் கேட்டது. "இங்கதான் கீறேன்யா. நீ சொல்லு."

இப்போதும் மாதத்துக்கு இரண்டு மூன்று வருகிறது. ஞாயிறு வந்தால் ரெஜினா பதில் சொல்கிறாள், மற்ற நாட்களில் வத்சலா. மேற்கோள் காட்டியவருக்கு மானசா எழுதுகிறாள். பதில் வராவிட்டால் மறுபடி எழுதுகிறாள். வந்தாலும் எழுதுகிறாள்.