ஐந்தாவது பாய்

1

இந்தக் கதை ஓர் அடித்தல் கோட்டிலிருந்து வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைப் பொய்க்காரி என்று சொல்லக் கூடாது.

சமோவாவின் சவாயி தீவில் எங்கள் ஊர் மருந்தகத்தில் முப்பது வருடம் நர்சாக இருந்தேன். வெள்ளையடிக்க அலமாரியை நகர்த்தியபோது பின்னால் இரண்டு பழைய நோட்டுகள் கிடைத்தன. ஒன்று, 1918 விஷக்காய்ச்சலில் எங்கள் ஊரில் இறந்தவர்களின் பட்டியல். மற்றது, எட்டு வருடம் கழித்து ஊர்ப் பெண்கள் சங்கம் குழந்தைகளை எடை போட்டு எழுதி வைத்தது. இறந்தவர்கள் பட்டியலில் ஒரே ஒரு பெயர் அடிக்கப்பட்டிருந்தது: பெனினா. பக்கத்தில் வேறு மையில், கோணல் கையெழுத்தில்: “பொய். இருக்கிறாள்.”

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எடை நோட்டில் அவள் குழந்தைக்கு எதிரே தகப்பன் பெயரும் மூன்று எண்களும் உண்டு. மீதி என் கைச்சரக்கு.

(ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதினால் இரண்டு குடும்பங்கள் சண்டைக்கு வரும். தங்களை ஏன் சேர்க்கவில்லை என்று மூன்றாவது குடும்பமும் வரும்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

“அந்த நவம்பரில் ஆபியா துறைமுகத்தில் ஒரு கப்பல்

வேண்டாம். எல்லோரும் கப்பலிலிருந்துதான் தொடங்குகிறார்கள். காய்ச்சலைச் சுமந்து கப்பல் வந்த சில வாரங்களில் ஐந்தில் ஒருவர் போனார்கள். நான் மிச்சமிருந்த நால்வரோடு இருக்க விரும்புகிறேன்.

இரண்டாவது தொடக்கம்:

“சமோவா மக்கள்தொகை மீண்டதில் பெண்கள் சங்கங்களின் பங்கு மிகவும்

இது மருந்தகத்துக்கு வரும் அறிக்கைகளின் குரல். அடித்துவிட்டேன்.

3

மாதத்தின் முதல் திங்களன்று ஊர்க்கூடத்தில் குழந்தைகளை எடை போடுவார்கள். தராசு, கொப்பரை வியாபாரியிடம் இரவல் வாங்கியது. சங்கத் தலைவி அலைசா, ஊர்ப் பேச்சாளரின் மனைவி. கணவர் சபையில் பேசுவார். அவள் மற்ற எல்லா இடத்திலும் பேசுவாள்.

பெனினா தன் எட்டு மாதக் குழந்தையை ஒருமுறைகூடக் கொண்டுவரவில்லை. பத்து நாளாகக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்பது ஊருக்கே தெரியும். சுவரில்லாத வீடுகளில் எதை மறைக்க முடியும்? அந்தத் திங்களும் வராததால் அலைசா நேரே அவள் வீட்டுக்குப் போய்ப் படிக்கல்லில் உட்கார்ந்தாள்.

“ஏண்டி, உன் புள்ள என்ன கவர்னர் மகளா? தராசுக்கு வந்தா கௌரவம் கொறஞ்சிடுமா?”

“அது கொப்பரைத் தராசு அக்கா. எம்புள்ள கொப்பரை இல்ல.”

“கொப்பரையா இருந்தாத் தேவலயே. காஞ்சாலும் வெல போகும்.”

(இந்த வரியை இரண்டு தடவை அடித்தேன். அலைசா விடவில்லை. அவளை எனக்கு அதிகம் பிடித்துப்போனதால் இந்தக் குறையாவது இருக்கட்டும்.)

பெனினாவின் முகம் சுருங்கியதைப் பார்த்து அலைசா சட்டென்று தணிந்தாள்.

“போன மாசம் எல்லார் முன்னாடியும் நானே அதுல தொங்கிக் காட்டினேன், தெரியுமா? கொக்கி வளஞ்சு போச்சு. வியாபாரி இன்னும் எனக்கு முகம் குடுத்துப் பேசல.”

பெனினா சிரித்துவிட்டாள். சிரித்ததும் அழுகை வந்தது.

“எண்ண வேணாங்க்கா. என்னை ஒருதடவ எண்ணிட்டாங்க. அது போதும்.”

4

[இந்த இடத்தில் மூன்று நாள் எழுதாமல் இருந்தேன். இனி வருவதற்குச் சாட்சி இல்லை. ஆனால், கண் திறக்காமல் கிடக்கும் காய்ச்சல்காரர்களுக்கும் காது கேட்கும் என்பது நர்சுக்குத் தெரியும்.]

காய்ச்சல் வந்தபோது பெனினாவுக்குப் பதினெட்டு வயது. அப்பா, அம்மா, இரண்டு தம்பிகள் என நால்வரும் இரண்டு நாளுக்குள் போய்விட்டார்கள். அவளும் பாயை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவர்கள் பக்கத்திலேயே கிடந்தாள். இறந்தவர்களை எண்ண வந்தவர் மூக்கில் துணி கட்டிக்கொண்டு வெளியே நின்றபடியே பாய்களை எண்ணினார். “ஐந்து” என்றார். நாலு என்று சொல்ல நினைத்தாள். நாக்கு எழவில்லை.

குழிக்குத் தூக்கிப் போனவர்களில் ஒருவன், அவள் கால்விரல் அசைந்ததைப் பார்த்துப் பாயைக் கீழே போட்டுவிட்டு ஓடினான்.

(பிற்பாடு அவனையே மணந்தாள் என்று எழுத எனக்கு ஆசை. எடை நோட்டில் தகப்பன் பெயர் தாவிதா என்று இருக்கிறது. ஓடியவன் அவன்தானா என்று எங்கும் இல்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.)

அவள் பிழைத்தாள். பட்டியலை யாரும் திருத்தவில்லை.

“அந்தத் தாளுல நான் செத்தவக்கா. செத்தவ பெத்த புள்ளைய எந்தத் தாளுல எழுதுவீங்க? எழுதினா அதுவும் எம் பக்கத்துலயே வந்துருமோன்னு பயமா இருக்கு.”

அலைசா எழுந்து போனாள்.

5

அவள் போனது போதகர் வீட்டுக்கு. பட்டியல் அங்கேதான் இருந்தது.

“அதைத் தொடக் கூடாதும்மா. இறந்தவங்க பேரெல்லாம் இருக்கு.”

“அதுல ஒருத்தி இப்பத்தான் என்கூட சண்ட போட்டா.”

“கணக்கு மாறிடுமே. நூத்தி நாலுன்னு மேலிடத்துக்கு அனுப்பியாச்சு.”

“நூத்தி மூணு. ஒரு ஆள் கொறச்சலா செத்தா உங்களுக்கு என்ன வருத்தம்?”

போதகரே பேனாவைக் கொடுத்தார் என்று ஒரு தடவை எழுதினேன். அவள் பிடுங்கினாள் என்று இன்னொரு தடவை. அந்தக் கோணல் எழுத்தை மறுபடி பார்த்தேன். பிடுங்கத்தான் செய்திருக்கிறாள்.

நோட்டைக் கொண்டுவந்து பெனினாவின் மடியில் விரித்தாள். “படி.”

பெனினா வாய்விட்டுப் படித்தாள். இரண்டாம் தடவையும் படித்தாள். மை காய்ந்துவிட்டதா என்று விரலால் தேய்த்துப் பார்த்தாள். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு அவளே முன்னால் நடந்தாள்.

அலைசாவின் புதுத் துணியைத் தூளிபோல் முடிந்து, கொக்கியில் மாட்டினார்கள். பதினொரு பவுண்டு. அந்த வயதுக்கு மிகமிகக் குறைவு. கூடத்திலிருந்து ஒருத்தி தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போனாள், குழந்தையை ஈ மொய்க்காமலிருக்க ஒருத்தி தன் வீட்டுக் கொசுவலையை அவிழ்க்கப் போனாள். முறை வைத்து இளநீரும் பப்பாளிக் கஞ்சியும் கொண்டுவந்தார்கள்.

அடுத்த மாதம்: பதினொன்று.

மூன்றாம் மாதம்: பன்னிரண்டு.

6

அதற்குப் பின் தாள்கள் இல்லை, கரையான். குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் “பெனினாவின் மகள்” என்று மட்டும் இருப்பதால் தேடவும் வழியில்லை.

முடிவு ஒன்று: அவள் வளர்ந்து, ஆறு பிள்ளை பெற்று, ஆக்லாந்தில் பேரப்பிள்ளைகளை அதட்டிக்கொண்டு... இனிப்பு திகட்டுகிறது.

முடிவு இரண்டு: “நான்காம் மாதம் மழை பிடித்துக்கொண்டது. குழந்தைக்கு மறுபடியும்

இல்லை. அந்தக் காலத்தில் இப்படி எத்தனை குழந்தைகள் தங்கின என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கை வரவில்லை.

ஆகவே மூன்றாவது எடை முடிந்த அந்தப் பகலோடு நிறுத்துகிறேன். கூடம் காலியாகிவிட்டது. பெனினா மட்டும் போகாமல் நிற்கிறாள்.

“அடுத்த எடை எப்பக்கா?”

“உனக்கு வேற வேலையே இல்லயாடி?”

“இல்ல.”

நான்காவது எண் இல்லை. அதை நீங்கள் எழுதுங்கள். அரை பவுண்டு கூட்டி எழுதினாலும் நான் எதுவும் கேட்க மாட்டேன். முப்பது வருடத்தில் இரண்டு மூன்று தாய்மார்களுக்கு நானே அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.