பின்வாசல் வேப்பிலை

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வேலுமணிக்குச் சாமி என்றாலே ஆகாது. அதில் எனக்கு வருத்தமில்லை. மாரியம்மனைத் திட்டும்போது மறக்காமல் என் மாதாவையும் சேர்த்துத் திட்டுவான், பாரபட்சம் பார்க்கிற ஆளில்லை. பிளாக்கில் பகுத்தறிவுக் கூட்டம் நடந்தால் அவன் கையிலிருந்து மைக்கைப் பிடுங்க நாலு பேர் வேண்டும். கட்டிக்கொண்டு வந்ததோ தெற்கத்தி அத்தை மகள் இசக்கியம்மாளை. பெயரிலேயே அம்மன். மகளுக்கு அறிவுக்கொடி என்று பெயர் வைத்துப் பழியைத் தீர்த்துக்கொண்டான்.

எழுபத்தாறு கோடையில் அந்தக் குட்டிக்கு மணல்வாரி அம்மை போட்டது. யாரும் எங்களிடம் சொல்லவில்லை. பக்கத்து அடுப்பில் தாளிக்கிற வாசம் நின்றுபோனதிலேயே தெரிந்துவிட்டது. இசக்கி முன்வாசலில் வேப்பிலை செருகியிருக்கிறாள். தோழர்கள் வந்துபோகிற வாசலாயிற்றே என்று இவன் அதைப் பிடுங்கிப் பின்வாசலில் செருக வைத்தான். பின்வாசலுக்கு எதிரேதான் என் வீட்டுத் துவைகல் என்பது அந்தப் பகுத்தறிவுக்கு எட்டவில்லை.

அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றியும் பிள்ளை தேறவில்லை. இருமல் பிடித்துக்கொண்டது. சாயங்காலமானால் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா துருவிக் கேட்டதில், வேலை தேடி வந்து இவர்களோடு தங்கியிருந்த இசக்கியின் சித்தப்பா ஓயாமல் இருமிக்கொண்டிருந்தது வெளியே வந்தது. டிபியாக இருக்குமோ என்று பிள்ளையின் முன்கைத் தோலில் ஓர் ஊசி போட்டு, இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். அந்த இடம் தடித்தால் உள்ளே கிருமி இருக்கிறது என்று அர்த்தம்.

தடிக்கவில்லை. எதற்கும் நெஞ்சை ஒரு படம் எடுத்துவிடுங்கள் என்று டாக்டரம்மா சொன்னதை வேலுமணி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"சயின்ஸே சொல்லிடுச்சு லூர்து, டிபி இல்லைன்னு! அப்புறம் என்ன படம்?" என்று என்னிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தான்.

பிள்ளை நாளுக்கு நாள் உருகியது. விலா எலும்பை எண்ணிவிடலாம் போல ஆனது. ஒரு காலையில் இசக்கி வேலியோரம் வந்து அலறினாள்.

"அண்ணாச்சி, புள்ள எந்திரிக்க மாட்டேங்கா!"

தாயையும் பிள்ளையையும் என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பறந்தேன். வேலுமணி சைக்கிளை மிதித்துக்கொண்டு பின்னாலேயே வந்து சேர்ந்தான்.

பிள்ளையைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது. "போன தடவையே கேட்டேன், மறுபடியும் கேக்கிறேன். அந்த ஊசி போடறதுக்கு முன்னாடி இவளுக்கு ஏதாவது வந்துச்சா? அம்மை கிம்மை?"

இசக்கி புருஷனைப் பார்த்தாள். புருஷன் மின்விசிறியைப் பார்த்தான்.

"ஒண்ணும் வரலீங்க" என்றான்.

"நோய் ஒண்ணும் வரல டாக்டரம்மா" என்றாள் அவளும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மணல்வாரி போட்டுச்சுங்க! வூட்ல தாளிக்கவேயில்ல. பின்வாசல்ல வேப்பல தொங்கிகினு இருந்துச்சு, என் கண்ணால பாத்தேன்!"

டாக்டரம்மா பேனாவை மேசையில் எறிந்தார். "அம்மை வந்த உடம்புக்குக் கொஞ்ச வாரத்துக்கு அந்த ஊசியைக் கண்டுக்கிற தெம்பே இருக்காதுய்யா! உள்ள டிபி இருந்தாலும் கை தடிக்காது. அதுமட்டுமில்ல, அடங்கிக் கிடக்கிற டிபியைக் கிளப்பி விடறதே அம்மைதான். ஏன் மறைச்சீங்க?"

இசக்கி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அம்மன் வந்துட்டுப் போனத நோயின்னு சொன்னா கோவிச்சுக்கிடுவாளே..."

"நீங்க?"

வேலுமணியின் குரல் பக்கத்திலிருந்த எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. மைக் இல்லாத குறையோ என்னவோ. "அம்மைன்னு சொன்னா வேப்பில, விரதம்னு எல்லாம் வெளிய வரும். மேடையில பேசுறவன் வீட்டுலயே இப்படின்னா... வெக்கமா இருந்துச்சுங்க."

சாமி உண்டு என்பவளும் இல்லை என்பவனும் ஒரே பொய்யைச் சொல்லியிருக்கிறார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். நடுவில் பிள்ளை செத்துக்கொண்டிருந்தது. அவனை அறையாமல் விட்டதற்கு டாக்டரம்மா எதிரில் இருந்தது மட்டுமே காரணம்.

படத்தில் நெஞ்சின் வலது பக்கம் வெள்ளையாக அப்பியிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் மூளைக்கு ஏறியிருக்கும், மாதக்கணக்கில் ஊசியும் மாத்திரையும் விடாமல் கொடுத்தால் பிழைத்துக்கொள்வாள் என்றார். அதைக் கேட்டதும் எனக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

முதல் ஊசி அன்றைக்கே போட்டார்கள். உள்ளேயிருந்து அறிவுக்கொடி வீறிட்ட சத்தம் வராந்தாவுக்கே கேட்டது. இசக்கி சுவரோடு ஒண்டிக்கொண்டு, புருஷன் காதில் விழாது என்ற நினைப்பில் மாரியை முணுமுணுவென்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் ஷிப்ட் ஆட்கள், வேலுமணியின் மேடைப் பேச்சுக்குக் கைதட்டுகிறவர்கள், நாலைந்து பேர் விஷயம் கேள்விப்பட்டு வராந்தாவுக்கு வந்து நின்றார்கள். அவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

வேலுமணி அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தான்.

"சத்தமாவே கூப்பிடு" என்றான். "யாரு கேட்டா என்ன?"