மச்சினன் பெயரை யார் எழுதுவது?

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. வாரப் பத்திரிகைக்காகக் குறிப்பேட்டோடு எங்கள் தீவின் காவல் நிலையத்தில் போய் உட்கார்ந்தேன். முதல் வாக்கியம் இப்படித் தொடங்கியது: ‘பப்புவா நியூ கினி போன்ற நாட்டில் காவல்துறைச் சீர்திருத்தம் என்பது வெறும்’

வெறும் என்ன என்று யோசிப்பதற்குள் டோர்காஸ் உள்ளே வந்துவிட்டாள்.

2

டோர்காஸ் படகோட்டி. பெரிய கரையில் இருக்கும் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் ஆள் ஏற்றிப் போகிறவள். திங்கட்கிழமை அவள் படகு எஞ்சின் திருடு போனது. எடுத்தவன் யார், எந்தக் கீற்றுக் குவியலுக்கு அடியில் வைத்திருக்கிறான் என்பதுவரை அவளே விசாரித்து வந்திருந்தாள். வெள்ளிக்கிழமை காலைச் சரக்குக் கப்பலில் எஞ்சின் வேறு தீவுக்குப் போய்விடும். அன்று வியாழன்.

சார்ஜென்ட் லெபானி நல்லவர். (அவரை லஞ்சம் வாங்குகிறவராக ஒருமுறை எழுதிப் பார்த்தேன். கதை சுலபமாக ஓடியது. அதனாலேயே சந்தேகம் வந்து அடித்துவிட்டேன்.) புகார்ப் படிவம் நிறைந்தால்தான் எஞ்சினை எடுக்கப் போக முடியும். அதன் நான்காம் கட்டத்துக்கு வந்ததும், திருடியவர் பெயர் என்ன என்று கேட்டார். அவள் சொன்னாள். சார்ஜென்டுக்கு உடனே இருமல் வந்தது. இல்லாத இருமல்.

திருடியவன் அவருடைய மனைவியின் தம்பி. எங்கள் தீவில் மச்சினன் பெயரை வாயால் சொல்லக் கூடாது, கையால் எழுதவும் கூடாது, காதில் விழுந்தாலே கூச்சம். கணவர் பெயரைக் கேட்டால் பக்கத்தில் நிற்கும் பிள்ளையைப் பார்க்கும் பெண்கள் உங்கள் ஊரிலும் இருந்திருப்பார்கள்.

“இப்ப நீங்க போலீஸா, மச்சானா?” என்று கேட்டாள் டோர்காஸ்.

“ரெண்டும்தான். அதான் சங்கடம்.”

3

லெபானி யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். பெயருக்குப் பதில் உறவை எழுதினார். ஆனால் வாக்குமூலம் புகார் கொடுப்பவர் சொல்வதாக அல்லவா இருக்கும்? டோர்காஸ் வாங்கிப் படித்தாள்: ‘என் மனைவியின் தம்பி என் எஞ்சினைத் திருடினான்.’

“எனக்கு ஏது பொண்டாட்டி, சார்ஜென்ட்?”

போதாததற்கு, லெபானியின் மனைவிக்குத் தம்பிகள் ஐந்து பேர். நான்கு பேர் தேவாலயத்தில் பாடுகிறவர்கள்.

நிலையத்தில் இன்னொரு காவலர் உண்டு. மலைநாட்டுக்காரர், இங்கே யாருக்கும் உறவில்லை. அவர் தலைநகரத்துக்குப் போயிருந்தார், காவல்துறைச் சீர்திருத்தப் பயிற்சிக்கு. (இதை நான் கற்பனை செய்திருந்தால் மிகை என்று வெட்டியிருப்பேன்.)

டோர்காஸ் பேனாவைப் பிடுங்கப் பார்த்தாள். இந்தப் படிவத்தைப் புகார் சொல்பவரே நிரப்பினால் கோர்ட்டில் நிற்காது, வேறு யாராவது எழுதலாம் என்றார் லெபானி. அவள் என் பக்கம் திரும்பினாள்.

“பேப்பர்காரரே, நீங்க எழுதுங்க.”

“அவர் என் சகலை,” என்றார் லெபானி. “அதே வீட்டு மாப்பிள்ளை.”

இவ்வளவு நேரம் திருடனுக்கு நான் பெயர் வைக்காததன் காரணம் தெரிந்துவிட்டதா? ஒரு கற்பனைப் பெயர் வைத்துத் தப்பித்திருக்கலாம். ஆனால் அப்போது கைதாவது வேறு யாரோ.

4

முடிவு ஒன்று: பயிற்சி முடிந்து அடுத்த திங்கட்கிழமை திரும்பும் காவலர் அழகான கையெழுத்தில் பெயரை எழுதுகிறார். எஞ்சின் அதற்குள் இரண்டு தீவு தாண்டிவிட்டது.

முடிவு இரண்டு: லெபானியே எழுதிவிட்டு, மாமனார் வீட்டுக்கு அபராதமாக ஒரு பன்றியோடு போய் மன்னிப்புக் கேட்கிறார். எனக்குப் பிடித்த முடிவு. பாதி எழுதியும் விட்டேன். ஆனால் ஒருத்தியின் எஞ்சின் கிடைக்க ஒவ்வொரு தடவையும் ஒரு சார்ஜென்ட் வீரனாக வேண்டும் என்றால், காவல் நிலையம் எதற்கு?

முடிவு மூன்று:

5

வழியில் போகிற ஒருவரைக் கூப்பிடலாமே என்பீர்கள். தீவில் எழுதத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவனுக்கு மச்சான் முறை. மீதிப் பேர் அவனோடு ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள், காட்டிக்கொடுக்க மாட்டார்கள்.

மிச்சம் நீங்கள்தான். டோர்காஸும் அதைக் கவனித்துவிட்டாள். படிவத்தை உங்கள் பக்கம் தள்ளுகிறாள்.

“உங்களுக்கு அவன் ஒண்ணும் சொந்தமில்லையே? சொல்றேன், எழுதிக்குங்க.”

நானும் சகலையும் காதைப் பொத்திக்கொண்டோம்.