மாடியில் ஒரு பெரட்டு

“பெரட்டு!” என்று ஷர்மினி கத்தியதும் பாய்களின் மேல் கால் நீட்டிக் கதை பேசிக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து இரண்டு வரிசையாக நின்றார்கள். அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, இல்லாத தொப்பையை முன்னால் தள்ளி, தோட்டத்துக் கங்காணி போல வரிசைக்கு நடுவே நடந்தாள்.

“குமுதா!”

“வந்துட்டேன் மண்டோரே!”

“போன தடவ ஏன் வரல?”

“மாமியாருக்குக் கால் வலி மண்டோரே.”

“மாமியாருக்கு வலிச்சா ஒனக்கு என்னாடி? டாக்டர் லீவு சீட்டு, எம்.சி. இருக்கா?”

“கள்ள எம்.சி. இருக்கு. வேணுமா?”

சிரிப்பில் மாடி அதிர்ந்தது. கீழே இரும்புக்கடைச் சீனர் இந்நேரம் கூரையை அண்ணாந்து பார்த்திருப்பார். குமுதா ஷர்மினியைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவள். வெளியே சந்தையில் பார்த்தால் ஷர்மினி அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். இந்த அறைக்குள், பெரட்டு நடக்கும்போது மட்டும், அவளுக்கு ‘டி’ போட உரிமை உண்டு. அதைக் கேட்கத்தான் அவர்கள் வருகிறார்கள் என்று ஷர்மினிக்குத் தெரியும்.

இந்த வகுப்பு அவள் படித்த பிலாட்டிஸ் உடற்பயிற்சி அல்ல. ரவாங் தொழிற்சாலையில் இரவு வேலையை விட்டுவிட்டுக் கோலாலம்பூரில் படித்துச் சான்றிதழ் வாங்கி, அங்கேயே ஒரு ஸ்டூடியோவில் கொஞ்ச காலம் வேலை பார்த்தாள். அங்கே வருகிறவர்கள் ஒருவரோடொருவர் பேசமாட்டார்கள். அங்கே விற்றதே அந்த அமைதிதான். அதே அமைதியைக் கோலசிலாங்கூருக்குக் கொண்டுவந்து இந்த மாடியில் விரித்தபோது அது செத்துப்போனது. மெல்லிய பியானோ இசையில் தாயம்மா குறட்டை விட்டாள். “இதுல எப்ப வேர்க்கும்?” என்று குமுதா கேட்டாள். பாதிப் பேர் தாமான் குடியிருப்பு மண்டபத்தில் நடக்கும் ஸும்பா நடன வகுப்புக்குப் போய்விட்டார்கள். வாடிக்கையாளரைத் தக்கவைப்பது எப்படி என்று படிப்பில் ஒரு பாடமே இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிடு, பாராட்டு, சின்னச் சின்ன இலக்கு வை, சிரிக்க வை. எல்லாம் செய்தாள். யாரும் சிரிக்கவில்லை.

பிறகு ஒரு மழை நாளில், வந்திருந்த நாலைந்து பேரும் பாயில் சோம்பிக் கிடந்தபோது, “நீ சின்னையா மண்டோர் பேத்திதானே?” என்று திலகா கேட்டாள். ஆமாம் என்று சொல்வதற்குப் பதிலாக, எரிச்சலில், தாத்தாவின் குரலிலேயே ஒரு அதட்டுப் போட்டாள் ஷர்மினி. எஸ்டேட்டில் விடியுமுன் பெரட்டு என்று எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் அந்தக் குரல். வரிசையில் நிற்காதவருக்கு அன்று பெயர் விழாது, சம்பளமும் கிடையாது. பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள். அடுத்த வகுப்புக்குப் பாய் போதவில்லை.

அதன்பின் எல்லாம் தானாக வந்தது. குனிந்து தரையைத் தொடும் அசைவுக்குச் செம்பனை உதிரிப்பழம் பொறுக்குவது என்று பெயர். கைகளை மேலே நீட்டி முதுகை இழுப்பது குலை வெட்டுவது. முழங்கையையும் கால்விரலையும் மட்டும் ஊன்றி உடம்பைப் பலகைபோல் நிறுத்துவது தள்ளுவண்டி. ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் தள்ளுவண்டிப் போட்டி உண்டு. தோட்டத் தொழிலாளர் லயங்களை இடித்துச் செம்பனை நட்டு எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் மேல் லயத்துக் குடும்பங்கள் ஒரு பக்கமும் கீழ் லயத்துக் குடும்பங்கள் ஒரு பக்கமும் நின்றன. யார் கடைசிவரை விழாமல் நிற்கிறார்களோ அவர்களுடைய லயம் ஜெயித்தது. முதலில் விழுகிறவளிடம் எல்லோரும் சேர்ந்து எம்.சி. கேட்பார்கள்.

கீழ் லயத்துக்குத் திலகாதான் எப்போதும் கடைசி ஆள். கோழி அறுக்கும் ஆலையில் பெட்டி தூக்குகிற வேலை. நாலு பிள்ளைகள். அதிகம் பேசமாட்டாள். வகுப்புக்கு முதலில் வந்து படியில் உட்கார்ந்திருப்பாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் ஷர்மினிக்குத் தன் வேலைமேல் ஒரு நம்பிக்கை வரும்.

அன்று மேல் லயத்திலிருந்து குமுதா மட்டும் மிச்சம். குமுதாவின் இடுப்பு ஆடத் தொடங்கிவிட்டது. “பேரு போட மாட்டேன்டி, நில்லு!” என்று ஷர்மினி அதட்டினாள். திலகாவின் கழுத்து நரம்பு புடைத்து முகம் கறுத்தது. மூச்சை அடக்கிப் பிடித்திருந்தாள். மூச்சை விடச் சொல்லவேண்டும் என்று ஷர்மினிக்குத் தோன்றியது. அதற்குள் குமுதா பொத்தென்று விழுந்தாள். கீழ் லயத்துப் பெண்கள் கூச்சல் போட்டார்கள். திலகா மெல்ல எழுந்து, எல்லோரையும் பார்த்து ஒருமுறை சிரித்துவிட்டு, கால்களை அகட்டாமல் கழிவறைக்கு நடந்தாள்.

எல்லோரும் இறங்கிப் போனபிறகும் அவள் வெளியே வரவில்லை. ஷர்மினி கதவைத் தட்டினாள்.

“அக்கா? மயக்கமா?”

“இல்ல லா. நீ போ.”

“கதவத் தொறங்க.”

தண்ணீர்க் குழாயை மூடும் சத்தம் கேட்டது. பிறகு கதவுக்கு அந்தப் பக்கமிருந்தே திலகா பேசினாள்.

“கீழ எறங்குது ஷர்மி. கொஞ்ச நாளா இருக்கு. பெட்டி தூக்குனா, பலமா சிரிச்சா எறங்கும், ராத்திரி படுத்தா ஏறிக்கும். இன்னிக்கு ஏற மாட்டேங்குது.”

இறங்குவது எது என்று ஷர்மினிக்குப் புரிந்தது. கர்ப்பப்பை. படிப்பில் அதற்கும் ஒரு பாடம் இருந்தது. அப்படிப்பட்டவர்களுக்குக் கொடுக்கவே கூடாத அசைவுகளில் தள்ளுவண்டியும் ஒன்று.

“கிளினிக்ல காட்டுனீங்களா?”

“காட்டுனேன். நர்ஸு மிஸிதான் சொன்னாங்க, எக்ஸர்சைஸ் செய், அடிவயித்துச் சதை பலமாவும்னு. அதுக்குத்தானே ஒங்கிட்ட வந்தேன்.”

“அப்ப எங்கிட்ட ஏங்கா சொல்லல?”

“நீ கேட்டியே. எல்லாரையும் நிக்க வச்சு, யாருக்கு என்னாடி சீக்குன்னு கேட்ட. தாயம்மா மூட்டு வலின்னாங்க. எல்லாரும் எம்.சி. எம்.சி.ன்னு கத்துனாங்க. நானும்தான் கத்துனேன்.” கதவுக்குப் பின்னால் ஏதோ சிரிப்பு மாதிரி கேட்டது. “எங்கம்மா புள்ள பெத்து நாப்பது நாள் முடியறதுக்குள்ள வரிசையில வந்து நின்னவங்க. ஒங்க தாத்தாகிட்ட ஒருநாளும் சீக்குன்னு சொன்னதில்லன்னு சாவுற வரைக்கும் பெருமையா சொல்லுவாங்க.”

ஷர்மினி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். தாத்தா வீட்டில் அதட்டியே அவள் பார்த்ததில்லை. அந்தக் குரலை அவளே மற்றவர்கள் செய்துகாட்டித்தான் கற்றுக்கொண்டாள்.

“இனிமே பெரட்டு வேணாம்க்கா. போட்டியும் வேணாம். நிறுத்திடறேன்.”

கதவு திறந்தது. திலகாவின் முகம் கழுவித் துடைக்காமல் ஈரமாக இருந்தது.

“நிறுத்துனா?”

“நிறுத்துனா என்ன?”

“யாராச்சும் வருவாங்களா? ஏன் நிறுத்துனன்னு கேப்பாங்க. நீ சொல்ல மாட்ட. அவங்களே கண்டுபுடிச்சிருவாங்க. குமுதா வாயி ஒனக்குத் தெரியாது. ஆலை வரைக்கும் போயிரும்.” அவள் குரல் தாழ்ந்தது. “வீட்ல எம் புருஷன் ராஜு பேசறதில்ல. ஆலையில பேசக்கூடாது. நான் வாய்விட்டுச் சிரிக்கிற எடம் இது ஒண்ணுதான். அதப் புடுங்கிப்புடாத.”

“பெரியாஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் தள்ளுவண்டி கிடையாது. பாயில படுத்துக்கிட்டே செய்யறதுக்கு வேற இருக்கு.”

“கீழ் லயம் தோத்துரும்,” என்றாள் திலகா. விளையாட்டாகச் சொல்கிறாளா என்று ஷர்மினிக்குத் தெரியவில்லை. திலகா சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

அடுத்த வகுப்பில் ஷர்மினி பெயர் கூப்பிடவில்லை. எல்லோரையும் மல்லாந்து படுக்கச் சொன்னாள். முழங்கால்களை மடக்கி, மூச்சை வெளியே விடும்போது அடிவயிற்றுக்கும் கீழே உள்ள தசையை மெல்ல உள்ளே இழுத்துப் பிடிக்கச் சொன்னாள். யார் செய்கிறார்கள், யார் செய்யவில்லை என்று வெளியிலிருந்து பார்க்க முடியாத அசைவு. இதில் யாரும் ஜெயிக்க முடியாது, விழவும் முடியாது. எல்லோருக்கும் நல்லது, பிள்ளை பெற்றவர்களுக்கு ரொம்ப நல்லது என்றாள். தன் குரல் கோலாலம்பூர் ஸ்டூடியோவின் குரலாகிவிட்டதை அவளே கேட்டாள். ஒருத்தி தலைமாட்டிலிருந்த கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். இன்னொருத்தி கொட்டாவி விட்டாள். அது வரிசை முழுக்கப் பரவியது.

“போட்டி இல்லையா?” என்றாள் குமுதா.

“இன்னிக்கு இல்ல.”

“ஏன்?”

ஷர்மினி அடுத்த மூச்சை எண்ணத் தொடங்கினாள். குமுதா தலையைத் திருப்பி வரிசையை ஒரு நோட்டம் விட்டாள். அவள் கண் ஒவ்வொரு பாயாகத் தாண்டித் திலகாவின் பக்கம் வந்தது. திலகா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். விரல்கள் இரண்டு பக்கமும் பாயைப் பிடித்திருந்தன. எதையாவது சொல்லவேண்டும், ஏதாவது ஒரு பொய், என்று ஷர்மினி வாயைத் திறந்தபோது தாயம்மாவின் குரல் முந்தியது.

“மூச்சு விடறதுக்கு ஒரு கிளாஸா? எங்க வீட்டுக்காரு எந்நேரமும் சோபாவுல படுத்து விட்டுக்கிட்டுத்தான் இருக்காரு. மேலயும் விடறாரு, கீழயும் விடறாரு. அந்தாளக் கூட்டியாரவா?”

குமுதாதான் முதலில் வெடித்தாள். பிறகு எல்லோரும். கைப்பேசி பார்த்தவள் அதை நெஞ்சில் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள். மின்விசிறிச் சத்தம் கேட்காத அளவுக்குச் சிரிப்பு ஏறியது. திலகாவும் சிரித்தாள். எல்லோரையும்விடச் சத்தமாக, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் நீர் வழிய. அவளுடைய மடக்கிய முழங்கால்கள் இரண்டும் ஒன்றோடொன்று மோதி, வெளுக்க வெளுக்க இறுகின.

“வெளிய விடுங்க,” என்றாள் ஷர்மினி, யாருக்கும் கேட்காத குரலில், அந்த முழங்கால்களையே பார்த்துக்கொண்டு. “மெதுவா. இன்னும் மெதுவா.”