விரலில் சுற்றாதே

தையல்காரியின் வெட்டுமேசை மேல் அன்று துணி எதுவும் இல்லை. மூன்று தூண்டில் கோல்கள் கிடந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு ரீல். தம்பி அவற்றைக் கொண்டுவந்து வைத்ததும், கூடையைத் திறந்த பாம்பாட்டியைக் கண்டவள்போல அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"கடிக்காதுக்கா. கிட்ட வா."

"உன்னைக் கடிச்சிருக்கே."

தம்பி சிரித்துக்கொண்டே வலக்கையைத் தூக்கிக் காட்டினான். ஆள்காட்டி விரல் பாதியோடு நின்றிருந்தது. ஒரு நாள் படகில், அவசரத்தில் தூண்டில் நரம்பைக் கையில் சுற்றிப் பிடித்திருக்கிறான். அடியில் இருந்த மீன் இழுத்துவிட்டது. மிச்சத்தை அவன் எப்போதும் சிரித்தபடிதான் சொல்வான். அவளோ காதைப் பொத்திக்கொள்வாள்.

மீன் பிடிக்க ஆசைப்படுகிறவர்களைக் கடலுக்குக் கூட்டிப்போய்வருவது தம்பியின் தொழில். அவன் படகை ஓட்டுவான். தூண்டில் கட்டுவதும் சிக்கெடுப்பதும் கூட்டாளியின் வேலை. கூட்டாளிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு, கட்டிலை விட்டு எழ முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமையோ ஓர் அலுவலகத்தின் ஆட்கள் வருகிறார்கள். ஆளுக்கொரு வகை ரீல் கொண்டுவருவார்கள், எதையும் சரியாகப் பிடிக்கத் தெரியாது. கைவேலை தெரிந்தவர் யாராவது கூட இருந்தே ஆகவேண்டும். தம்பிக்குத் தெரிந்த கைவேலைக்காரி அக்கா ஒருத்திதான்.

"மீனை நான் தொடமாட்டேன்."

"மீனைத் தொட அவங்க காசு குடுக்குறாங்க. நீ நரம்பை மட்டும் பாரு."

முதல் ரீலுக்குத் தலையில் மூடி இருந்தது. பின்னால் ஒரு பொத்தான். அழுத்திக்கொண்டே வீசி, விட்டுவிட வேண்டும். "இது சின்னப் பிள்ளைக்குக்கூட வரும்" என்றான். இரண்டாவது, கோலுக்கு அடியில் வௌவால்போலத் தொங்கியது. அதன் முகத்தில் கம்பி வளையம் ஒன்று. வளையத்தைத் திறந்தால் நரம்பு தடையில்லாமல் ஓடும், மூடினால் நிற்கும். மூன்றாவது பெரியது, கோலுக்கு மேலே உட்கார்ந்திருந்தது. அதற்கு வளையம் கிடையாது. பக்கத்து நெம்புகோலைத் தளர்த்தினால் உருளை சுழலும், சுழலும் உருளைமேல் கட்டைவிரல் லேசாகப் படிந்தே இருக்கவேண்டும்.

"விரலை எடுத்தா?"

"நரம்பு போறதைவிட உருளை வேகமா ஓடிரும். அவ்வளவுதான், உள்ளே ஒரே பரட்டைத் தலை. அதுல சிக்கெடுக்கிறதுக்குள்ள பொழுது சாஞ்சிரும்."

அவள் உருளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பயம் சற்று விலகியது. இது நூல் சுற்றும் பாபின்தானே? நரம்பை இறுக்கும் திருகு, மெஷினில் நூலை இறுக்கும் திருகுதானே? தம்பி ஒருமுறை காட்டினான், அவள் மூன்றிலும் நரம்பைச் சுற்றிவிட்டாள். வரி வரியாக, மேடுபள்ளம் இல்லாமல்.

"என் கூட்டாளி இதைப் பார்த்தா இன்னொரு இடுப்பும் பிடிச்சுக்கும்" என்றான் தம்பி.

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மீந்த நரம்பை ஆள்காட்டி விரலில் இரண்டு சுற்று சுற்றி, அறுப்பதற்காக வெடுக்கென்று இழுக்கப்போனாள்.

"அக்கா!"

அவன் போட்ட சத்தத்தில் மேசை மேலிருந்த ஊசி டப்பா உருண்டது. அவள் தன் கையைப் பார்த்தாள். விரலில் நரம்பு சுற்றியிருந்தது. எப்போது சுற்றினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. தையல் முடிந்ததும் நூலை அப்படித்தான் அறுப்பாள். வேலை பழகிய நாளிலிருந்தே அப்படித்தான். கத்தரிக்கோலைத் தேடி எடுக்கும் நேரத்தில் இன்னொரு மடிப்பு தைத்துவிடலாம்.

"அது நூல் இல்லக்கா. பின்னல் நரம்பு. அறாது. நீதான் அறுவே."

"தெரியும்டா. கை தானா போயிடுச்சு."

இனிமேல் போகாது என்றாள். பேசிக்கொண்டிருக்கும்போதே மறுபடி போயிற்று. அதற்குப் பிறகு மீனும் கடலும் அவளுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. தன் வலக்கைதான் பயமாக இருந்தது. சாப்பிடும்போதுகூட அதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டாள். கூடவே வளர்ந்த ஒன்று, தன்னிடம் சொல்லாமல் எதையோ யோசித்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

சனிக்கிழமை பிற்பகல், ஒத்திகை பார்க்க இருவரும் படகில் போனார்கள். கரை மெல்லிய கோடாக ஆனதும் தம்பி இயந்திரத்தை நிறுத்தினான். தண்ணீர் எண்ணெய் தடவியதுபோல் அசையாமல் கிடந்தது. அந்த அமைதி அவளுக்குப் பிடிக்கவில்லை. அடியில் இருப்பவை எல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பதாகத் தோன்றியது.

மூடி ரீல் அவளுக்குச் சரியாக வந்தது. தொங்கும் ரீலும் வந்தது. வளையத்தைத் திற, வீசு, மூடு. திற, வீசு, மூடு. கை பழகும்வரை அதையே செய்யவைத்தான். பிறகு பெரிய ரீல் கோலைப் படகோரத்துக் குழலில் செருகிக் கொடுத்துவிட்டு, நங்கூரக் கயிற்றோடு மல்லுக்கட்ட முன்பக்கம் போனான்.

அவள் நெம்புகோலைத் தளர்த்தினாள். ஈயக்குண்டு இரையோடு நீருக்குள் இறங்கியது. கட்டைவிரல் உருளைமேல்தான் இருந்தது. ஏதோ ஒரு நிழல் படகுக்கடியில் நகர்ந்ததுபோலிருக்க, குனிந்து பார்த்தாள். விரல் எழும்பிவிட்டது. உருளை சீறியது. பார்த்தால் பரட்டைத் தலை.

"சிக்கிடுச்சுடா!"

"பதறாதே. மேல இருக்கிறதா பாத்து ஒவ்வொண்ணா எடு. வர்றேன்."

சிக்கெடுப்பது அவளுக்குக் கைவந்த கலை. ஒவ்வொரு கண்ணியாக விரல்நுனியால் தூக்கித் தளர்த்தினாள். ஒன்று மட்டும் ஆழத்தில் மாட்டிக்கொண்டு வரவே மாட்டேனென்றது. அதை வெளியே இழுக்கப் பிடிமானம் வேண்டியிருந்தது. அதற்குமேல் அவள் எதையும் யோசிக்கவில்லை. கைதான் யோசித்தது.

கீழே, இரை தொங்கிய இடத்தில், ஏதோ அதைக் கவ்வியது.

நரம்பு கம்பிபோல் விறைத்தது. அவள் குனிந்து பார்த்தபோது விரலில் இரண்டு சுற்று இருந்தது. தம்பியின் பாதி விரல் கண்ணுக்குள் வந்து நின்றது. கையைப் பின்னால் இழுத்தாள். இழுக்க இழுக்கச் சுற்று இறுகி, விரல் இரண்டாகப் பிதுங்கியது. இடக்கை ரீலைத் தடவியது. வளையத்தைத் திற. வளையம் எங்கே? அடியில் துழாவினாள், முன்னால் துழாவினாள். வெறும் காற்று. இந்த ரீலுக்கு வளையமே இல்லை. நெம்புகோல் நினைவுக்கு வந்து, அதைத் தள்ளினாள். பரட்டையில் மாட்டிய உருளை அசையவில்லை.

தம்பி என்று கூப்பிட நினைத்தாள். வெளியே வந்தது வெறும் ஊளை.

அவன் திரும்பிப் பார்த்தான். "இழுக்காதே! கையை அது கூடவே விடு! கோல் வளையட்டும், அது தாங்கும்!"

கையை அதனோடு விடுவதாவது! உடம்பு முழுக்க மாட்டேன் என்றது. இருந்தும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, தன்னைத் தின்ன வந்ததன் பக்கமே கையை நீட்டினாள். விரல், கோலில் நரம்பு நுழைந்துபோகும் முதல் துளையில் போய் இடித்தது. கோல் தலை குனிந்தது. இழுவையில் பாதியை அது வாங்கிக்கொண்டது. தம்பி கயிற்றைத் தாண்டி, பெட்டியைத் தாண்டி, முழங்காலில் விழுந்து வந்து சேர்ந்தான். இடுப்பிலிருந்து கத்தி உருவப்படுவதைக் கண்டதும் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

டிங் என்றொரு சத்தம். அவள் மல்லாக்க விழுந்தாள்.

விரல் இருந்தது. நரம்பு பதிந்த இடத்தில் ஆழமாக ஒரு பள்ளம், அதில் வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள். பள்ளத்துக்கு அப்பால் மெழுகு நிறம்.

"மடக்கு."

மடங்கியது.

அவன் நகத்தை அழுத்தினான். "தெரியுதா?"

"இல்ல."

"இப்ப?"

"நீ தொடுறியா, என்ன?"

தம்பியின் முகத்தில் ரத்தமே இல்லை. ஓடிப்போய் இயந்திரத்தை முடுக்கினான். நங்கூரத்தை எடுக்கக்கூட நிற்கவில்லை, கயிற்றை வெட்டிவிட்டான். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் பறந்தது.

அவள் கையை உயர்த்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பட்டுத் துணியின் நல்ல பக்கம் எது, மறுபக்கம் எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் விரல் அது. மடிப்புக்குள் ஒளிந்த முடிச்சைத் தேடிப்பிடிக்கும் விரல். இடக்கையால் தொட்டுப் பார்த்தாள். யாரோ ஒருவருடைய விரல்போல இருந்தது. வழியில் கண்டெடுத்து, உரியவரிடம் சேர்க்க எடுத்துப்போவதுபோல.

"இப்ப?" என்று கத்தினான்.

"இல்ல."

"கிள்ளிப் பாரு!"

"கிள்ளிட்டேன்டா. இல்ல."

"உன்னைக் கூப்பிட்டிருக்கவே கூடாது. என் புத்தியைச்..."

"அழுவறதை அப்புறம் வச்சுக்கோ. படகை ஓட்டு."

கரையில் நிற்பவர்களின் முகம் தெரியத் தொடங்கியபோது, விரல் நுனியில் ஓர் எறும்பு நடந்தது. அவள் பார்த்தாள். எறும்பு இல்லை. பிறகு ஓர் ஊசி. பிறகு ஊசிப் பெட்டியே கவிழ்ந்தது. சூடு பள்ளத்திலிருந்து கிளம்பி மணிக்கட்டு வரை ஏறியது.

"ஐயோ! ஐயோ, வலிக்குதுடா!"

தம்பி திரும்பிய வேகத்தில் படகு ஒருபக்கம் சாய்ந்தது. "என்ன?"

"வலிக்குது! உயிர் போகுது!"

அவன் பைத்தியம்போலச் சிரித்தான், கண்ணிலிருந்து நீர் கொட்டியது. "வலிக்கட்டும். நல்லா வலிக்கட்டும்கா."

"நாளைக்கு நான் வரமாட்டேன்."

"யாருமே வரவேணாம். அந்த ஆபீஸ்காரங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"வேகத்தைக் குறைக்காதே" என்றாள் அவள், வலக்கையை இடக்கையால் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு.